நண்டோடை வரைபடம்

மழை விட்டுப் பன்னிரண்டு நாளாகியும் அந்தக் குடியிருப்பில் தண்ணீர் வடியவில்லை. சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் சாலையை விட்டு உள்ளடங்கி, உப்பங்கழியை ஒட்டி நாற்பது வீடுகள். எல்லோரும் கழியில் இறங்கிக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்கள். அவர்களுக்கு மேற்கே, கொஞ்சம் மேட்டில், நெல் வயல்கள். பயிர் அழுகிவிடும் என்று வயல்காரர்கள் ஒரு விடியற்காலையில் சாலையோரக் கரையை வெட்டிவிட்டார்கள். வயலில் நின்ற தண்ணீர் மொத்தமும் குடியிருப்புக்குள் வந்து இறங்கியது. குடியிருப்பு ஆட்கள் மண்மூட்டை போட்டுக் கரையை அடைத்தார்கள். மறுநாள் மறுபடி வெட்டப்பட்டது. கைகலப்பாகி, இரண்டு பக்கத்து ஆட்களும் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு போன் வந்தது.

நான் அப்போது அந்தப் பகுதிக்கு சர்வேயர். சர்வேயர் என்றால் அண்ணன் தம்பிக்கு வரப்பு பிரித்துக் கொடுக்கிறவள் என்றுதான் ஊரில் நினைப்பு. உண்மையும் அதுதான், மாதத்தில் முக்கால்வாசி நாள் அந்த வேலையிலேயே போய்விடும். ஆனால் அன்று தாசில்தார் கேட்ட கேள்வியை இருபது வருட சர்வீஸில் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"அந்தத் தண்ணி முன்னாடி எந்த வழியா கழிக்குப் போச்சு? அத மட்டும் கண்டுபுடிச்சிக் குடுங்கம்மா. சண்டைய அப்புறம் பேசிக்கலாம்."

கையில் இருந்த கிராம வரைபடத்தைப் பார்த்தேன். வயல்களெல்லாம் சிறு சிறு கட்டங்களாகத் தெளிவாக இருந்தன. அவற்றுக்குக் கிழக்கே ஒரே பெரிய வெற்றுப் பரப்பு; அதன்மேல் 'உப்பங்கழி, அரசு புறம்போக்கு' என்று ஒரு வரி. நடுவில் ஓடை என்று எதுவும் இல்லை. வயல்காரர்களுக்காகப் பேசுகிற மனிதருக்கு ஐம்பது வயதிருக்கும். சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். அவரிடம் கேட்டேன்.

"ஓடையும் கெடையாது ஒண்ணும் கெடையாது மேடம். எங்க அப்பா காலத்துலேர்ந்து தண்ணி ரோட்டத் தாண்டி அந்தாண்டதான் போவுது. அவுங்கதான் பள்ளத்துல வந்து வூடு கட்டிக்கினு எங்கள கொற சொல்றாங்க."

குடியிருப்பில் போய்க் கேட்டபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. பாதி பேர் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். என் தோளிலிருந்த கருவிப் பெட்டியைப் பார்த்ததுமே ஆண்கள் எழுந்து வேறு பக்கம் போய்விட்டார்கள்.

இப்போதைய வரைபடத்தில் இல்லாதது பழைய வரைபடத்தில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அதற்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மாவட்ட சர்வே அலுவலகத்துக்குப் போக வேண்டும். நான் போன அன்று நல்ல முகூர்த்தம். அலுவலகத்தில் ஒருவரின் மகளுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம். பாதி நாற்காலிகள் காலி. ரெக்கார்டு ரூமைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மட்டும் சாவிக்கொத்தோடு இருந்தார்.

"பழைய ஷீட்டெல்லாம் மேல் தட்டுல இருக்குதுக்கா. தூசி ஜாஸ்தி. மாஸ்க் போட்டுக்கோங்க. நான் மத்தியானம் ஒரு நட சாப்பாட்டுக்குப் போய்ட்டு வந்துடறேன்."

நான்கு மணி நேரம் தேடினேன். சுருட்டிய தாள்கள், மடித்த தாள்கள், எலி கடித்த தாள்கள். கொள்ளிடம் வந்தது, வெள்ளாறு வந்தது, பரங்கிப்பேட்டை முகத்துவாரம் வந்தது. கடைசியில் துணி ஒட்டிய ஒரு தாளை விரித்தபோது கை நின்றுவிட்டது. வெள்ளைக்காரன் காலத்து நில அமைப்பு வரைபடம். காகிதம் காய்ந்த புகையிலை நிறத்தில் இருந்தது. ஆனால் மை மங்கவில்லை. என் நாற்பது வீடுகள் இருக்கும் அந்தப் பகுதிதான்.

அந்தத் தாளை வரைந்தவர்கள் எந்த இடத்தையும் வெறுமனே விடவில்லை. சதுப்புக்குச் சிறு சிறு புல் குறிகள். அலை ஏறும் எல்லைக்குப் புள்ளிக் கோடு. ஆள் நடந்து கடக்கிற துறைக்கு ஒரு குறி. வரப்போரத்தில் நின்ற ஒற்றைப் பனைக்குக்கூட ஒரு குறி போட்டிருந்தார்கள். யாரோ ஒருவர் அலை இறங்கும் வற்று நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, மூன்று கால் அளவை மேசையை நிறுத்தி, கண்ணால் குறி பார்த்து இதைப் போட்டிருக்கிறார். ஊர் ஆட்கள் சிலர் அளவுச் சங்கிலி பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் போயிருப்பார்கள். இன்றைக்கு செயற்கைக்கோள் பார்த்து நான் செய்கிற வேலையை அவர்கள் காலால் செய்திருக்கிறார்கள். அந்தத் தாளின் முன் நின்றபோது எனக்கு என் தொழில்மேல் வந்த பெருமிதத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

வயல்களுக்குத் தண்ணீர் பாயும் ஏரியில் மிச்சத் தண்ணீர் வெளியேறும் கடைவாயிலிருந்து, வயல்களின் ஓரமாக வளைந்து, கழிக்குள் போய்ச் சேர்ந்தது இரட்டைக் கோடு ஒன்று. மெல்லிய நீலம். அதன் வளைவை ஒட்டியே ஆங்கில எழுத்தில் ஒரு பெயரும் இருந்தது. நான் அதை 'நந்தோடை' என்று வாசித்தேன்.

தாளை ஸ்கேன் செய்ய அனுமதி வாங்கி, பிரதியை அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் அப்பா சர்வே குழுவில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் இரும்புச் சங்கிலியை வெயிலில் இழுத்தவர். சர்ச்சுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை தவிர அவர் காலில் செருப்பைப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் சர்வேயர் தேர்வில் பாஸானபோது தெருவில் எல்லோருக்கும் அவர்தான் லட்டு கொடுத்தார். சாப்பாட்டு மேசையில் பிரதியை விரித்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"எத்தன வருஷம் இழுத்தேன். முழு மேப்ப விரிச்சி யாரும் எனக்குக் காட்டுனதில்ல. மொத தடவயா இப்பத்தான் பாக்குறேன்" என்றார். அரைமணி நேரம் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் போய்க்கொண்டே இருந்தார். அம்மா சோறு ஆறிப்போகிறது என்று இரண்டு தடவை சொன்னாள்.

பழைய தாளை இன்றைய நிலத்தின்மேல் பொருத்துவது சும்மா இல்லை. அன்றும் இன்றும் இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். ஒரு கோயில் கோபுரமும் ஒரு மதகும் கிடைத்தன. மூன்று கிராம எல்லைகள் கூடுகிற இடத்தில் நடும் கல் ஒன்றை முள்ளுக்குள் தேடி எடுத்தேன். மூன்றையும் வைத்துப் பொருத்தினால், ஓடை இருந்ததாகச் சொன்ன கோடு சீமைக்கருவேலங் காட்டுக்குள்ளும், கைவிடப்பட்ட ஓர் இறால் குட்டைக்கு நடுவிலும் விழுந்தது. அங்கே போய்ப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக முள்தான். ஓடையின் சுவடே இல்லை.

கூட வந்த பொதுப்பணித் துறைப் பொறியாளர் நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். அவருக்குச் சந்தேகம்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. நூறு வருஷத்துக்கு முந்துன மேப்ப நம்பி பொக்லைன் எறக்க முடியுமா? இது கழி. வருஷத்துக்கு வருஷம் எடம் மாறும். தப்பான எடத்துல வெட்டுனா உப்புத்தண்ணி வயலுக்குள்ள ஏறிடும்."

அவர் சொன்னது நியாயம். வயல்காரர்களையும் குடியிருப்புக்காரர்களையும் நந்தோடை தெரியுமா என்று கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. மூன்றாம் நாள், இதை இப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்றுகூட நினைத்தேன்.

அன்றுதான் குடியிருப்புப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். கழிக்குள்ளிருந்து நனைந்த புடவையோடு ஏறி வந்தாள். என் வயதுதான் இருக்கும். இறால் பிடித்துப் போடும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் அதைப் பறி என்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேலை செய்ய, பறி வாயில் தொங்கும். அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, என் உதவியாளர் பிடித்திருந்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மூணு நாளா என்னாத்த தேடுறீங்க?"

"நந்தோடைன்னு ஒரு ஓடை. இங்கதான் எங்கயோ இருந்திருக்குது."

அவள் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நந்தோடையா? நண்டோடைன்னு சொல்லுங்க. நண்டு இருக்குற ஓட."

ஆங்கிலத்தில் 'த'வுக்கும் 'ட'வுக்கும் ஒரே எழுத்து. நூறு வருடத்துக்கு முன்னால் இவள் ஆட்களில் யாரோ சொன்னதைக் கேட்டு ஒருவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தமிழ்க்காரியான நான்தான் தப்பாக வாசித்திருக்கிறேன்.

"எங்க இருக்குது அது?"

"இப்ப ஓட இல்ல. ஆனா எடம் இருக்குதுல்ல." சொல்லிவிட்டு அவள் முகம் மாறியது. பறியின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடினாள். "நான் காட்ட மாட்டேன்."

"ஏன்?"

"முன்ன ஒருத்தரு இப்பிடித்தான் பொட்டி தூக்கிக்கினு வந்து அளந்தாரு. கோடு போட்டாரு. அடுத்த வருஷம் அந்த எடத்துல எறா குட்ட வெட்டிட்டாங்க. நாங்க நண்டு புடிக்கிற எடம் அது. உள்ள வராதீங்கன்னு வேலி போட்டுட்டாங்க. நீங்க அளந்தா யாருக்குப் போவும்?"

என் கருவி யாருக்கும் நல்லது செய்யும், யாருக்கும் கெட்டதும் செய்யும். அதை நான் மறுக்க முடியாது.

"நான் போடுற கோட்ட மொதல்ல உங்களுக்குத்தான் காட்டுவேன்" என்றேன். "நீங்க பாத்து, சரின்னு சொன்னப்புறம்தான் ஆபீசுக்குப் போவும். தப்பா இருந்தா அங்கயே அழிச்சிடலாம்."

அவள் என்னை நன்றாக ஒருமுறை பார்த்தாள். "செருப்ப கழட்டுங்க" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் அவளுக்குப் பின்னால் நடந்தேன். கழியின் வற்று நேரம் அவளுக்குத் தெரியும். அந்த நேரம்தான் இறங்குவோம். முள்ளை வெட்ட என் உதவியாளர் முன்னால் போவார். அவள் கண்ணால் ஒன்றும் தேடவில்லை. காலால்தான் தேடினாள்.

"இங்க நில்லுங்க. கெட்டியா இருக்குதா?"

"ஆமா."

"இப்ப ரெண்டு அடி இந்தாண்ட வாங்க."

வைத்த கால் முழங்கால் வரை இறங்கிவிட்டது. கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "இதான் ஓட. மேல எவ்ளோ மண்ணு விழுந்தாலும் அடியில சேறு எளசா இருக்கும். நண்டு இதுலதான் வளை போடும். கெட்டி மண்ணுல போடாது."

அவள் சொன்ன இடத்திலெல்லாம் ஓர் இரும்புக் கம்பியை இறக்கிப் பார்த்தேன். ஓடைக்குள் கம்பி தானாக இறங்கியது. ஓரடி தள்ளினால் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு கரையும் கம்பி நுனியில் தெரிந்தன. இருபது காலடிக்கு ஒரு புள்ளி பதிவு செய்தேன். கணுக்காலில் முள் கிழித்து, சேறு காய்ந்து, சாயங்காலம் காலைக் கழுவினால் எரிந்தது. ஆனால் வேலை என்றால் இதுதான் வேலை என்று இருந்தது.

ஒரு இடத்தில் எனக்கும் அவளுக்கும் சண்டை. பழைய தாளில் ஓடை நேராகப் போனது. அவள் தெற்கே திரும்பினாள்.

"மேப்புல நேரா போவுது" என்றேன்.

"மேப்புல போவட்டும். தண்ணி இப்பிடித்தான் போவும்."

கம்பியை இரண்டு பக்கமும் இறக்கிப் பார்த்தேன். நேர்வழியிலும் கம்பி இறங்கியது. ஆனால் பாதியில் மணல் தட்டியது. தெற்கே ஆழம் ஜாஸ்தி. தாள் வரைந்த பிறகு ஏதோ ஒரு பெருவெள்ளத்தில் ஓடை அந்த இடத்தில் திரும்பியிருக்கிறது. வரைந்தவரும் தப்புச் செய்யவில்லை. அவளும் தப்புச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் புள்ளிகளைப் பழைய தாளின்மேல் ஏற்றினோம். கணினித் திரையில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து, அந்த நீலக் கோட்டின் வளைவுகளுக்குள் வரிசையாக உட்கார்ந்தன. அந்த ஒரு திருப்பம் மட்டும் தெற்கே விலகி நின்றது. பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சேற்று மட்டத்தையும் சாலை மட்டத்தையும் கணக்குப் போட்டார்.

"ஓடைத் தரை ரோட்ட விட நல்லாவே கீழ இருக்குது மேடம். தண்ணி தானா போயிடும். கழி வாயில ஒரு ஷட்டர் வெச்சா உப்பும் ஏறாது." அப்புறம் தலையைச் சொறிந்துகொண்டு, "மன்னிச்சிக்கோங்க, நான்தான் நம்பல" என்றார்.

சொன்ன சொல்படி, வரைபடத்தை முதலில் குடியிருப்புக்குத்தான் கொண்டுபோனேன். பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தரையில் விரித்தேன். முன்பு எழுந்து போன ஆண்கள் இந்தத் தடவை உட்கார்ந்தார்கள். அவள் கோட்டின்மேல் விரலை ஓட்டி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு பெயர் சொன்னாள். எந்தத் திருப்பத்தில் எந்த நண்டு கிடைக்கும் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவளோடு வாதாடினார்கள். கடைசியில், "சரியாத்தான் போட்டிருக்குறீங்க. குடுத்துடுங்க" என்றாள்.

மறுநாள் கூட்டம். தாசில்தார், பொறியாளர், இரண்டு பக்கத்து ஆட்கள். ஓடையின் தலைப்பு டிராக்டர்காரரின் கடைசி வயலுக்குள் கொஞ்சம் விழுந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"இது என் பட்டா நெலம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அங்க வரப்புதான். ஓடன்னு சொல்லி என் வயல வெட்டுவீங்களா?"

பின்னால் இருந்த அவருடைய மச்சான், "வுடு மாமா, கேஸ் போட்டுக்கலாம்" என்றார்.

நான் பழைய தாளின் பிரதியை அவர் முன்னால் வைத்தேன். சண்டை போட அல்ல, பார்க்கட்டும் என்றுதான். "இதான் ஏரிக் கடைவாய். இது உங்க வயல். ஓடைக்கு இந்தக் கரையில இருக்குறது ஒத்தப் பன."

அவர் குனிந்து பார்த்தார்.

"இந்தப் பன..." என்றார். விரலை வைத்தார். எடுக்கவில்லை. "இது எங்க பன. நான்தான் அறுத்தேன். வூடு கட்டறப்ப கூரைக்குக் கைமரம் போட." நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். "அது கரை மேல நின்னுச்சி மச்சான். அதுக்கு அந்தாண்ட பள்ளம் இருந்துச்சி. சின்ன புள்ளயில அதுல வுழுந்து எந்திரிச்சிருக்கேன். அப்பா மண்ணு போட்டு தூத்து ரெண்டு வரப்பு சேத்துக்கிட்டாரு."

எல்லோர் முன்னாலும் ஒரு மனிதன் தன் அப்பா செய்ததைத் தானே எடுத்துச் சொல்வது எளிதல்ல. எனக்கு அவர்மேல் அன்று வந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

"மிஞ்சுன பயிரு அறுப்பு முடியட்டும். அது வரைக்கும் ரோட்டோரக் கரைய யாரும் வெட்ட மாட்டாங்க" என்றார். "நானே என் டிராக்டர எடுத்துக்கினு வந்து அந்த எடத்த வெட்டிவிடறேன்."

சொன்னபடி வந்தார். பொக்லைன் கழிப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வர, அவர் இந்தப் பக்கத்தில் மண்ணை வாரினார். புறம்போக்கில் வெட்டிக் கைவிடப்பட்டிருந்த அந்த இறால் குட்டையின் கரை உடைக்கப்பட்ட அன்று குடியிருப்பே வந்து நின்றது. தெற்குத் திருப்பத்தில் இயந்திரக்காரர் நேராக வெட்டப் பார்க்க, அவள் இறங்கி நின்று கையை வீசி வழிகாட்டினாள்.

அடுத்த ஐப்பசியில் பேய்மழை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் காலையில் அவள் போன் செய்தாள். பின்னால் தண்ணீர் இரைகிற சத்தம் கேட்டது.

"மேடம், போவுது! சரசரன்னு போவுது! வூட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்ல. டிராக்டர்காரரு கரை மேல கொட புடிச்சிக்கினு நின்னு ஷட்டர பாத்துக்கினு இருக்காரு."

நான் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மழையில் நின்று அந்த ஓட்டத்தைப் பார்த்தேன். பொறியாளர் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கிராம வரைபடத்தைத் திருத்தி வரையும் வேலை எனக்கே வந்தது. 'நண்டோடை' என்று தமிழில், ஓடையின் வளைவோடு வளைத்து எழுதினேன். களப் புத்தகத்தில் வழி காட்டியவர் என்று அவள் பெயரையும் ஊரையும் முழுதாகப் பதிந்தேன். அப்படி ஒரு பத்தி அந்தப் புத்தகத்தில் கிடையாது. ஓரத்தில் இடம் விட்டு எழுதினேன். அதைப் பார்த்த மேலதிகாரி ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அதோடு நாற்பது வீடுகளையும் ஒவ்வொன்றாக அளந்து ஏற்றினேன். பழைய தாளிலும் அதற்குப் பிறகு வந்த எதிலும் அந்த வீடுகள் இருந்ததில்லை. ஆள் வாழும் இடமாகவே அதை யாரும் குறித்ததில்லை. அச்சான பிரதி ஒன்றை அவர்கள் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டக் கொண்டுபோனேன். வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு எழுத அது கையில் இருப்பது நல்லது என்றும் சொன்னேன். அவள் சுவருக்குப் பக்கத்தில் போய், கழியைப் பார்த்து, ஓடையைப் பார்த்து, சந்து சந்தாக விரலைக் கொண்டுவந்தாள்.

"இதா எங்க வூடு?"

"அதான்."

"பக்கத்துல இருக்குறது எங்க அக்கா வூடு. அது கொஞ்சம் பெருசா போட்டுட்டீங்க. எங்க வூடுதான் பெருசு."

"அளந்துதான் போட்டேன்" என்றேன்.

"நாளைக்கு வந்து திரும்ப அளந்து பாருங்க" என்றாள். அவள் அக்கா பின்னாலிருந்து பலமாகச் சிரித்தாள்.